பெருக்கு, பெருக்கம், பெருக்கல்

தமிழில் எண்ணத் தெரிந்தவருக்குப் பெருக்கற்குறி தேவைப்படுவதில்லை. ‘முந்நூறு’ என்ற சொல்லில் மூன்றும் நூறும் அருகருகே நிற்கின்றன, கேட்பவர் பெருக்கிக்கொள்கிறார். ‘நூற்று மூன்று’ என்பதிலும் அதே இரண்டு எண்களே அருகருகே நிற்கின்றன, கேட்பவர் கூட்டிக்கொள்கிறார். சிறிய எண் முன்னே வந்தால் பெருக்கல், பெரிய எண் முன்னே வந்தால் கூட்டல் என்று எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆயினும் எண்ணக் கற்கும் குழந்தை அவ்விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது. இலக்கணம் அறிந்தவர், ‘பதினைந்து’ என்பது பத்தும் ஐந்தும் என விரியும் உம்மைத்தொகை என்றும், ‘ஐம்பது’ அவ்வாறு விரியாது என்றும் பிரித்துக் காட்டுவார். குறி எங்கும் இல்லை. வரிசையே குறியின் வேலையைச் செய்கிறது.

காகிதத்தில் எழுதப்படும் கணிதமும் ஏறத்தாழ இவ்வாறே நடந்துகொள்கிறது. 2க என்று எழுதினால் இரண்டும் க-வும் பெருகுகின்றன. 2½ என்று எழுதினால் இரண்டும் அரையும் கூடுகின்றன. க(ம+1) என்பது க என்னும் எண்ணை ம+1-ஆல் பெருக்குவதா, அல்லது க என்னும் சார்பில் ம+1-ஐ இடுவதா என்பது முந்தைய பத்தியைப் படித்தவருக்கே தெரியும். கணிதக் குறியீடு ஐயத்திற்கு இடமற்ற மொழி என்று பரவலாக நம்பப்படுகிறது. அது பேச்சுமொழியைப் போலவே சூழலை நம்பி வாழ்வது. நல்ல வாசகர்கள் வாய்த்திருப்பதால் அந்த உண்மை வெளியே தெரிவதில்லை.

அந்த நல்ல வாசகர் இல்லாத இடம் கணினி இயற்கணித மென்பொருள். எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு விரிக்கவும் சுருக்கவும் காரணிப்படுத்தவும் வல்ல கருவிகள் இவை: மேத்தமேட்டிகா, மேப்பிள், மேக்ஸிமா, சிம்பை, சேஜ், பாரி முதலானவை. எழுபது எண்பது இலக்க எண்ணைக்கூட ஓரிலக்கமும் சிந்தாமல் பெருக்கித் தரும் இக்கருவிகளிடம், எதை எதோடு பெருக்க வேண்டும் என்று சொல்வதுதான் கடினம். (இப்பதிவில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகள் வருவது அலங்காரத்திற்காக அன்று. பைத்தான் 3 தமிழ் எழுத்தை மாறியின் பெயராக ஏற்கும். அதன்மேல் அமைந்த சிம்பையும் ஏற்கும்.)

2க என்பதைப் பைத்தான் ஏற்காது. நடுவே உடுக்குறி வேண்டும். மேத்தமேட்டிகா அதைப் பெருக்கலாகவே படிக்கும், ஆனால் க2 என்று திருப்பி எழுதினால் அது ஒரு புதிய பெயர். அங்கே இடைவெளியும் ஒரு குறி: ‘க ம’ என்று விட்டெழுதினால் பெருக்கற்பலன், ‘கம’ என்று சேர்த்தெழுதினால் இரண்டெழுத்துப் பெயர் கொண்ட ஒற்றை மாறி. எழுதுபவர் கண்ணுக்கு ஒரு மயிரிழை வேறுபாடு; மென்பொருளுக்கு இரண்டு வேறு உலகங்கள். இவற்றுள் பொல்லாதது மேப்பிளின் பழைய வரிவடிவ உள்ளீடு. அதில் 2(க+1) என்று தட்டினால் 2 என்று விடை வரும். பிழைச்செய்தி வராது. 2 என்பதை எதைக் கொடுத்தாலும் 2-ஐயே திருப்பித் தரும் மாறிலிச் சார்பாக அது எடுத்துக்கொள்கிறது. தன் இலக்கணப்படி அது சரியாகவே நடக்கிறது. உரக்கக் கத்தும் பிழை நல்ல பிழை. அமைதியாக ஒரு விடையை நீட்டும் பிழைக்குத்தான் அஞ்ச வேண்டும்.

உடுக்குறி வந்த கதையும் சுவையானது. வில்லியம் ஆட்ரெட் 1631இல் வெளியிட்ட நூலில் × என்ற குறியைப் பெருக்கலுக்கு ஆண்டார். அது ஒரு மாறியின் எழுத்தோடு குழம்புகிறது என்று 1698இல் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் லைப்னிட்ஸ் குறைபட்டுக்கொண்டு புள்ளியை விரும்பினார். இடையில், 1659இல், யோஹான் ரான் தம் இயற்கணித நூலில் உடுக்குறியையே வைத்திருந்தார். அதை ஏறத்தாழ எவரும் பின்பற்றவில்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1957இல் ஃபோர்ட்ரான் வந்தபோது அதே உடுக்குறி பெருக்கலுக்கு அமர்ந்தது. ரானை நினைவுகூர்ந்து எவரும் அதைத் தேர்ந்ததாகத் தெரியவில்லை. துளை அட்டை இயந்திரத்தில் இருந்த குறிகளுள் அது ஒன்று, அவ்வளவே.

இவையெல்லாம் இரண்டு பொருள்களைப் பெருக்கும் கதை. பல பொருள்களை வரிசையாகப் பெருக்கும்போது, கிரேக்கப் பெரிய ‘பை’ எழுத்தின் உருவில் ∏ என்ற குறி வருகிறது. கூட்டலுக்குச் சிக்மா எப்படியோ, பெருக்கலுக்கு இது அப்படி. குறியின் அடியில் ‘க = 1’, தலையில் ‘ம’, வலப்பக்கம் ஒரு கோவை. 1 முதல் ம வரை க-வுக்கு ஒவ்வொரு மதிப்பாக இட்டு, வருபவற்றையெல்லாம் பெருக்குக என்பது அதன் பொருள். வலப்பக்கம் வெறும் க இருந்தால் விடை ம-வின் காரணியப் பெருக்கம்.

குறியின் உருவத்திலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. யூனிகோடில் கிரேக்க எழுத்தான பெரிய பைக்கு ஓர் இடமும், தொடர்பெருக்கற்குறிக்கு வேறோர் இடமும் உண்டு. திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பைத்தானில் முன்னது எழுத்து என்பதால் மாறியின் பெயராகலாம். பின்னது குறி என்பதால் ஆகாது. மேத்தமேட்டிகாவிலும் இரண்டும் வேறு: ஒன்று வெறும் பெயர், மற்றொன்று பெருக்கும் செயலி. மேப்பிளில் வட்டத்தின் மாறிலியான பையைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும். சிறிய எழுத்தில் தொடங்கினால் மதிப்பு எதுவும் இல்லாத ஒரு பெயர் கிடைக்கும். ஆனால் விடைத்தாளில் இரண்டும் ஒரே கிரேக்க உருவத்தோடு அச்சாகும். ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் வரும் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கும் மொழியியலாளர்கள், உருவம் ஒன்றாய் இருப்பு வேறாய் வரும் இவற்றையும் தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

உருவத்தைக் கடந்து உள்ளே போனால் க என்ற அந்த எழுத்து நிற்கிறது. அதற்குச் சொந்தமாக மதிப்பு இல்லை. குறியின் எல்லைக்குள் மட்டும் அது உயிர்வாழ்கிறது. வெளியே வந்ததும் இல்லாமல் போகிறது. க-வை எடுத்துவிட்டு ச-வை இட்டாலும் விடை மாறாது. தருக்கவியலார் இதைக் கட்டுண்ட மாறி என்பர். மேலெல்லையில் உள்ள ம அப்படியன்று; அதன் மதிப்பை வெளியிலிருந்து யாராவது தர வேண்டும். அது கட்டற்றது. மொழியில் இதற்கு இணை சுட்டுப்பெயர். ‘ஒவ்வொரு மாணவரும் தம் பெயரை எழுதினார்’ என்னும்போது ‘தம்’ எந்தத் தனி மனிதரையும் சுட்டவில்லை; ‘ஒவ்வொரு’ என்பதன் கட்டுக்குள் நின்று, மாணவர் மாற மாறத் தானும் மாறுகிறது. ‘அவர் பெயரை எழுதினார்’ என்றால் அந்த அவர் வெளியே எங்கோ இருக்கலாம்.

இந்திய இயற்கணிதம் இந்த உறவை வெளிப்படையாகவே பெயரிட்டிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், தமக்கு முன்னோர் வழியில், தெரியாத முதல் எண்ணை ‘யாவத்தாவத்’ என்றார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். அது பெயர்ச்சொல்லே அன்று. வினாவும் சுட்டும் கைகோத்து நிற்கும் இணைச்சொல். அடுத்தடுத்த தெரியாத எண்களுக்குக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறப்பெயர்கள். சுருக்கி முதலெழுத்தை மட்டும் எழுதுவர்: யா, கா, நீ, பீ, லோ. இரண்டு வேறு தெரியாத எண்கள் தம்முள் பெருகினால் ‘பாவிதம்’ என்று சொல்லி அதையும் முதலெழுத்தாய்ச் சுருக்கிப் பக்கத்தில் இட்டனர். அதாவது யா, கா என்ற இரண்டையும் அருகருகே வைப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ‘இது பெருக்கம்’ என்று ஒரு சொல்லால் முத்திரை குத்தினர். 2(க+1) என்பதற்கு 2 என்று விடை தரும் கருவியைப் பார்த்த பின் அந்த முத்திரையின் அருமை கூடுகிறது.

சுட்டுப்பெயர் வெளியே எவரையாவது பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மென்பொருள்கள் வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. மேப்பிளில் முன்பே எங்கோ க-வுக்கு 3 என்று மதிப்புக் கொடுத்துவிட்டுப் பிறகு க-வைக் கொண்டு தொடர்பெருக்கல் கேட்டால், ‘3 = 1 முதல் ம வரை’ என்பது போல அது படித்துக்கொண்டு மறுத்துவிடும். பெருக்குவதற்கு மேப்பிளிலேயே இன்னொரு கட்டளை உண்டு. அது தன் மாறியைத் தனக்குள் பூட்டிக்கொள்வதால் வெளியுலகின் 3 அதைத் தொடாது. மேத்தமேட்டிகா தொடர்பெருக்கலின் உறுப்புகளைக் கணக்கிடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, மாறியின் வெளி மதிப்பைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு வேலை செய்கிறது. சிம்பையில் ஒரு கோவையிடம் அதன் கட்டற்ற மாறிகள் எவை என்று கேட்கலாம். 1 முதல் ம வரை க-வின் தொடர்பெருக்கலைக் கேட்டால் ம மட்டுமே என்று பதில் வரும். க அங்கே கண்முன் நின்றுகொண்டிருக்கிறது, ஆயினும் கணக்கில் இல்லை. இலக்கண வகுப்பில் பல வாரம் விளக்க வேண்டிய ஒன்றை அந்த ஒற்றை எழுத்துப் பதில் விளக்கிவிடுகிறது.

சொல்லும் வரிசையும் கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. மேத்தமேட்டிகா, சிம்பை, மேக்ஸிமா மூன்றிலும் பெருக்கப்பட வேண்டிய கோவை முதலில். எந்த மாறி, எங்கிருந்து, எதுவரை என்பன பின்னால். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கும் வரிசை அது. பிரான்சின் போர்தோ நகரில் ஆன்ரி கோஹன் தொடங்கிவைத்த எண்கோட்பாட்டு மென்பொருளான பாரியில் நேர்மாறு: மாறியும் எல்லைகளும் முதலில், கோவை கடைசியில். ‘1 முதல் ம வரையுள்ள க ஒவ்வொன்றுக்கும் க-வின் வர்க்கத்தைப் பெருக்குக’ என்ற தமிழ் வாக்கியம் ஏறக்குறைய பாரியின் வரிசையில்தான் அமைகிறது. களம் முதலில், செயல் கடைசியில். இதனால் தமிழருக்குப் பாரி எளிது என்று எவரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனாலும் முதன்முதலாக அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்யும் தமிழ் மாணவர், கடைசி உறுப்பை எழுதும்போது ஒரு வினைமுற்றுக்கு வந்து சேர்ந்த நிறைவை உணரக்கூடும்.

மாறிகள் எண்களாக இருக்கும்வரை பெருக்கும் வரிசைக்கு விலையில்லை. அணிகளாக இருந்தால் உண்டு. முதல் அணியை இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா என்பதை ∏ சொல்வதே இல்லை. நூலாசிரியர் முன்னுரையில் எங்கோ ஒரு வரி எழுதியிருப்பார்.

இனி வினையும் பெயரும். 1968இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய மேக்ஸிமாவின் முன்னோடி, ஓர் இலக்கண வேறுபாட்டைத் தன் அடித்தளத்தில் வைத்தது. இன்றைய மேக்ஸிமாவின் கையேடும் அதே சொற்களால் அதை விளக்குகிறது. அங்கே ஒவ்வொரு செயலிக்கும் ‘வினை’ வடிவம் உண்டு, ‘பெயர்’ வடிவம் உண்டு. வினையாக எழுதினால் செயல் நடக்கும். முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள்குறி இட்டால் அது பெயராகிவிடும். செயல் நடக்காது, கோவையாக அப்படியே நிற்கும். பெயரை மீண்டும் வினையாக்கவும் வழி உண்டு. இதைத் தமிழில் விளக்க ஒரு நொடி போதும்: ‘பெருக்கு’ என்பது ஏவல், ‘பெருக்கல்’ என்பது தொழிற்பெயர், ‘பெருக்கம்’ என்பது விளைவு. மூன்றையும் ∏ என்ற ஒரே குறி தன் தலையில் சுமக்கிறது. காகிதத்தில் அந்தக் குறியைக் காணும் வாசகர் எந்த இடத்தில் கணக்கிட வேண்டும், எந்த இடத்தில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கிறார்.

மற்றக் கருவிகள் இலக்கணச் சொற்களைப் பயன்படுத்தவில்லை. வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டன. மேப்பிளில் பெரிய எழுத்தில் தொடங்கும் கட்டளை சும்மா நிற்கும், சிறிய எழுத்தில் தொடங்குவது வேலை செய்யும். சிம்பையிலும் அப்படியே. சும்மா நிற்பதைச் செயல்படுத்த சிம்பையில் தரும் கட்டளையின் பெயர் ‘டூஇட்’, அதாவது ‘செய்’. நிரல்மொழிகளில் இவ்வளவு அப்பட்டமான ஏவல் வினை அரிது. சில வேளை ‘செய்’ என்று சொன்ன பிறகும் கருவி செய்யாது. ஜான் வாலிஸ் 1656இல் வெளியிட்ட புகழ்பெற்ற முடிவிலாப் பெருக்கம் உண்டு. அதன் மதிப்பு வட்ட மாறிலியில் பாதி. அதை முடிவிலி வரை நேரடியாகக் கேட்டால் கோவை கோவையாகவே திரும்பி வரும் என்று சிம்பையின் கையேடே எடுத்துக்காட்டுகிறது. ம வரை பெருக்கி, கிடைத்த சூத்திரத்தில் ம-வை முடிவிலிக்கு அனுப்பினால் விடை வந்துவிடுகிறது. ஏவலுக்கு மசியாத பெயர், சுற்றுவழியில் மசிகிறது.

மொழியியலுக்கும் ∏-க்கும் உறவு உண்டா என்று கேட்பவர் இருக்கலாம். 1913இல் ஆந்திரேய் மார்க்கோவ் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ செய்யுளிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய்யும் மெய்க்குப் பின் உயிரும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினார். அன்று தொட்டு ஒரு சொல்லின் நிகழ்தகவு என்பது அதன் உறுப்புகளின் நிகழ்தகவுகளுடைய தொடர்பெருக்கல். ஒன்றுக்கும் குறைவான எண்களைப் பெருக்கிக்கொண்டே போனால் விடை விரைவில் மிகச் சிறிதாகும். வழக்கமான கணினிப் பின்னம் ஏறத்தாழ 10-இன் −308ஆம் அடுக்கு வரை முழுத் துல்லியத்தோடு தாங்கும். நூறில் ஒன்றை இருநூறு முறை பெருக்கினால் அது பூச்சியம் என்று சொல்லிவிடும். இயற்கணித மென்பொருள் அவ்வாறு சொல்லாது. பகுதி, தொகுதி இரண்டையும் முழு எண்களாகக் கடைசிவரை காக்கும். மொழியியல் மாணவர்கள் இக்கருவிகள் பக்கம் வருவதற்கு இது ஒரு காரணம்.

அப்படி வந்தவருள் ஒருவர், தெலங்கானாவில் ஆய்வு செய்யும் மாணவி. எழுத்து வழக்கு மிகக் குறைந்த ஒரு மலைப்பகுதித் திராவிட மொழி அவருடைய களம். கையில் இருந்தது அவரே ஊர் ஊராகப் போய்த் தொகுத்த சொற்பட்டியல். சொல்லின் முதல் மூன்று அசைகளின் நிகழ்தகவுக்குத் தனி அட்டவணை. நான்காம் அசை முதல் தரவு போதாமையால் ஒவ்வோர் அசைக்கும் ஒரே மதிப்பு. பேச்சுக்கு அது ஐந்தில் ஒன்று என்று கொள்ளலாம். ஆகவே சொல்லின் நீளம் ம அசைகள் என்றால், அட்டவணை மதிப்போடு ‘4 முதல் ம வரை’ என்ற தொடர்பெருக்கல் வந்து சேரும். அவர் அதைச் சிம்பையில் எழுதிச் ‘செய்’ என்றார். ஐந்தில் ஒன்றின் (ம−3)ஆம் அடுக்கு என்ற அழகிய சூத்திரம் வந்தது. அதில் ம-வுக்குச் சொல்லின் நீளத்தை இட்டுக்கொண்டே போனார்.

வரைபடம் மிக நன்றாக அமைந்தது. மடக்கை அளவில் ஓரசைச் சொல்லிலிருந்து எட்டசைச் சொல் வரை ஒரே சீரான சரிவு. குறுஞ்சொற்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தன. இம்மொழி குறுஞ்சொல்லை விரும்பும் மொழி என்ற வாதம் உருவாகி, ஆய்வேட்டில் நான்கு பக்கம் கொண்ட ஒரு பகுதியாக வளர்ந்தது. நெறியாளருக்கும் பிடித்திருந்தது. அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரையாக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

சமர்ப்பிப்பதற்கு முன் சரிபார்ப்புக்காக அவர் அதே கணக்கைச் சாதாரணப் பைத்தான் சுழற்சியில் எழுதிப் பார்த்தார். நீண்ட சொற்களுக்கு இரண்டு விடைகளும் இலக்கம் தவறாமல் ஒத்தன. மூவசைச் சொற்களுக்கும் ஒத்தன. ஈரசைச் சொற்களுக்குச் சிம்பையின் விடை ஐந்து மடங்கு பெரிதாக இருந்தது. ஓரசைச் சொற்களுக்கு இருபத்தைந்து மடங்கு.

சிக்கல் ‘4 முதல் 2 வரை’ என்பதில் இருந்தது. நான்கில் தொடங்கி இரண்டில் முடியும் பட்டியலில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததைக் கூட்டினால் பூச்சியம், ஒன்றுமில்லாததைப் பெருக்கினால் ஒன்று என்பது பொது வழக்கு. பைத்தான் சுழற்சி ஒருமுறையும் சுழலாமல் 1-ஐத் தந்தது. எல்லைகளை எண்களாகவே கொடுத்தால் மேத்தமேட்டிகாவும் பாரியும் 1 என்றே சொல்லும். சிம்பை வேறொரு மரபைப் பின்பற்றுகிறது. 1981இல் மைக்கேல் கார் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்த மரபு அது. சிம்பையின் கையேட்டில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டுள்ளது. மேப்பிளின் தொடர்பெருக்கற் கட்டளையும் இதே வழி. அதன் இன்னொரு கட்டளை மட்டும் 1 என்கும்.

காரின் மரபுக்கு ஒரு நியாயம் உண்டு, அது அழகான நியாயம். ஒரு தொடர்பெருக்கலை எந்த இடத்தில் வெட்டி ஒட்டினாலும் விடை மாறக் கூடாது என்பதே அது. ‘4 முதல் 2 வரை’ என்பதன் தொடர்ச்சி ‘3 முதல் 3 வரை’. இரண்டையும் ஒட்டினால் ‘4 முதல் 3 வரை’ என்றாகும். இந்தக் கடைசிப் பட்டியல் வெறுமை. அதன் மதிப்பு 1 என்பதில் இரு மரபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ‘3 முதல் 3 வரை’ என்பதன் மதிப்பு ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒன்றோடு எதைப் பெருக்கினால் 1 வரும்? 5. ஆகவே ‘4 முதல் 2 வரை’ என்பது 5. பின்னோக்கி நடந்தால் பெருக்கல் வகுத்தலாகிறது. தொகையீட்டில் எல்லைகளைத் திருப்பினால் குறி மாறுவதற்கு இது உடன்பிறப்பு. சூத்திரமாகக் கிடைத்த அடுக்கும் இதையே சொல்கிறது: ம = 2 என்றால் அடுக்கு −1.

ஆக, மாணவியிடம் இருந்த நிகழ்தகவுக் கோவையில் ஒரு காரணி 5. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பது எவருக்கும் தெரியும். ஆனால் அந்த 5 தனியே கண்ணில் படவில்லை. அட்டவணையின் மிகச் சிறிய எண்களோடு பெருகி, அளவில் அடங்கிய எண்ணாக உருமாறிவிட்டது. வரைபடத்தின் சீரான சரிவும் அதனால் வந்ததுதான். உண்மைக் கோடு மூன்றசை வரை ஏறத்தாழ மட்டமாகச் சென்று அங்கிருந்துதான் இறங்க வேண்டும். ஒரு முறிவு இருக்க வேண்டிய இடத்தில் முறிவின்மை இருந்தது. முறிவைக் கண்டு ஐயப்பட ஆய்வாளர்கள் பழகியிருக்கிறார்கள். வழவழப்பைக் கண்டு ஐயப்பட எவரும் பழக்குவதில்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. சூத்திரத்தை எழுதியவருக்கு ‘4 முதல் ம வரை’ என்பது ‘ம நான்கோ அதற்கு மேலோ இருந்தால்’ என்ற நிபந்தனையை உள்ளடக்கிய தொடர். பேச்சில் அந்த நிபந்தனை தொக்கு நிற்கும். ‘நான்காம் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வா’ என்று அனுப்பப்பட்டவர், தெருவில் இரண்டே வீடுகள் இருந்தால் திரும்பி வந்துவிடுவார். மூன்றாம் வீட்டிலிருந்து ஓர் அழைப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு வரமாட்டார். கருவியோ பிடுங்கிக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு முரணற்ற இலக்கணத்தின்படி.

அவர் கோவையை நிபந்தனையோடு மீண்டும் எழுதினார்: ம நான்கைவிடச் சிறிதாயின் 1, அன்றேல் தொடர்பெருக்கல். வரைபடத்தில் முறிவு வந்தது. குறுஞ்சொல் விருப்பம் முழுதும் மறையவில்லை; ஆனால் தனிப்பகுதியாக நிற்கும் அளவுக்கு அது இல்லை. நான்கு பக்கம் ஒரு பத்தியாகச் சுருங்கியது, அண்டை மொழிகளோடு ஒப்பிடும் கட்டுரைப் பேச்சு ஓய்ந்தது. களத்தில் சொல் சொல்லாகத் தொகுத்த மாதங்களை நினைத்தால் அந்தச் சுருக்கம் எளிதாக இருந்திருக்காது.

சூத்திரம் வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பையும் சேர்த்தார்: மேலெல்லை கீழெல்லையைவிடச் சிறிதாயின் பெருக்கற்பலன் 1 எனக் கொள்ளப்பட்டது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இவ்வரி எதற்கு என்று நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த படியிலும் அந்த அடிக்குறிப்பு அதே இடத்தில் இருந்தது. கூடவே, கணக்கிடப் பயன்பட்ட மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும்.